‘நீக்கினேன்’ அல்ல, ‘நீக்கு’

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குத் திருத்தம் அனுப்புகிறவர்களுக்கென்று ஒரு வழிகாட்டி உண்டு. மூலநிரலோடு சேர்ந்தே வரும். அதில் ஓரிடத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போவேன். திருத்தத்துக்கான விளக்கத்தை ஏவலில் எழுதச் சொல்லும் இடம் அது. ‘பிழையை நீக்கினேன்’ கூடாது. ‘இந்தத் திருத்தம் பிழையை நீக்குகிறது’ என்பதும் கூடாது. ‘பிழையை நீக்கு’, அவ்வளவுதான். நிரலைப் பார்த்து ஆணையிடுகிற தோரணை வேண்டுமாம்.

இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் சுவை கூடுகிறது. ‘நீக்கினேன்’ என்பதில் ‘நான்’ என்று தனியாக எழுதாவிட்டாலும், ‘ஏன்’ விகுதியில் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். ‘நீக்கு’ என்றதும் காலம் உதிர்கிறது, ஆளும் உதிர்கிறார். பகுதி மட்டும் நிற்கிறது. தலைப்பு வரிக்கு 70, 75 எழுத்துக்குள்தான் இடம் என்பதால், இந்தச் சிக்கனம் கைக்கும் உதவுகிறது.

மேலே துரத்தப்பட்ட ‘நான்’ அடியில் கையெழுத்தாகத் திரும்பி வருகிறது. 2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம் லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாக வழக்குக்குப் போனது. மறு ஆண்டே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரியைக் கொண்டுவந்தார்: இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. எழுதியவர் மட்டுமல்ல, வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பித்தவரும் தன் பெயரைக் கீழே சேர்க்க வேண்டும். திருத்தம் வந்த வழி அந்த வரிசையிலேயே தெரியும்.

கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் இன்னும் சில பெயர்களுக்கும் இடமுண்டு. ‘டெஸ்டட்-பை’ ஓட்டிப் பார்த்தவருக்கு. ‘ரிப்போர்ட்டட்-பை’ பிழையைக் கண்டு சொன்னவருக்கு. ஒரு வரி நிரல்கூட எழுதாதவராக அவர் இருக்கலாம். பெயர் போட்டால் இன்னொரு முறையும் உதவ வருவார் என்ற நப்பாசையை வழிகாட்டி மறைக்கவும் இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது ‘ஃபிக்ஸஸ்’ வரி. பழைய பிழையொன்றைச் சரிசெய்தால், அது எந்தத் திருத்தத்தோடு உள்ளே நுழைந்ததோ அதன் அடையாளக் குறியில் முதல் 12 எழுத்துகளையும், பின்னாலேயே அதன் தலைப்பையும் எழுத வேண்டும். கண்டு சொன்னவருக்குப் பெயர். நுழைத்தவருக்கு வெறும் குறி. யாரென்று தேடினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும்தான். வரியில் எழுதச் சொல்லவில்லை.