கும்பிடுபூச்சிக் கலப்பு: ஆசை பெரிது, ஆதாரம் சிறிது

கும்பிடுபூச்சி வளர்ப்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிவிட்ட பொழுதுபோக்கு. இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் ஹீரோடூலா மெம்ப்ரனேசியா அங்கே பெட்டிகளுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. உலகில் ஏறத்தாழ 2,400 சிற்றினங்கள் இருக்க, இரண்டைக் கலந்து பார்த்தால் என்ன என்ற ஆசை சிலருக்கு வருவது இயல்புதான். அந்த ஆசைக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம்?

கலப்பின் பக்கமும் நியாயம் உண்டு. நெருங்கிய சிற்றினங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பல நேரங்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே அவற்றைப் பிரிக்க முடிகிறது. அங்கே கலப்புச் சோதனை கூடுதல் சான்றாகும். கலப்புக்குத் தடை இருப்பது மணத்திலா, உறுப்புப் பொருத்தத்திலா, கருவிலா என்றும் அது காட்டும். கலப்புச் சந்ததியில் ஒரு பாலினம் மட்டும் பிறக்காமலோ மலடாகவோ போனால், அது பெரும்பாலும் இருவகைப் பாலணுக்களைத் தரும் பாலினமாகவே இருக்கும் என்று 1922இல் மரபியலாளர் ஹால்டேன் சொன்னார். கும்பிடுபூச்சியில் அது ஆண். குஞ்சுகளை முதிரும்வரை வளர்த்து ஆண், பெண் கணக்கெடுத்தால் அந்த விதியையே உரசிப் பார்க்கலாம்.

சிக்கல் ஆதாரத்தில்தான். பெண் பூச்சி குச்சியில் நுரையைப் பிதுக்கி அதற்குள் முட்டையிடுகிறது; நுரை இறுகிக் கூடாகிறது. சில வாரங்களில் குஞ்சுகள் மெல்லிய இழையில் தொங்கியபடி வெளிவந்ததும், கலப்பு வென்றதாக வளர்ப்பவர் முடிவுகட்டிவிடுகிறார். ஆனால் பெண் முன்பே தன் இன ஆணோடு சேர்ந்திருக்கலாம். ஒருமுறை பெற்ற விந்தைச் சேமித்துப் பல கூடுகளுக்குப் பயன்படுத்த அதனால் முடியும். மியோமேன்டிஸ் காஃப்ரா போன்ற சிலவற்றில் ஆண் இல்லாமலே குஞ்சு பிறப்பதும் உண்டு. குஞ்சு பொரித்ததாலேயே கலப்பு நிரூபணமாகிவிடாது.

மெய்யாகவே கலந்தாலும், அதை வைத்து இரண்டும் ஒரே சிற்றினம் என்று சொல்லிவிட முடியாது. 1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் சிற்றினத்துக்குத் தந்த வரையறை இயற்கையில் வாழும் கூட்டங்களைப் பற்றியது. பெட்டிக்குள் அடைபட்ட ஆணுக்குத் தேர்வு ஏது? கவர்ச்சியும் உறவுக்குச் சான்றல்ல. முன்பு சொன்ன மியோமேன்டிஸ் காஃப்ரா தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்தது 1978இல் தெரியவந்தது. உள்நாட்டுக் கும்பிடுபூச்சியான ஆர்த்தோடெராவின் ஆண்கள் தம் இனப் பெண்களின் மணத்தைவிட இந்த வந்தேறிப் பெண்களின் மணத்துக்கே அதிகம் மயங்கி, அவற்றுக்கே இரையாகின்றன என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்தத் தவறான முடிவுகளைவிடப் பெரிய கேடு பிறகு வருகிறது. ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கு மேல் குஞ்சுகள் வரலாம். அவை கைமாறும்போது பெயர்ச்சீட்டு தொலைகிறது. அடுத்த தலைமுறையில் கலப்பு எது, அசல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கி நலிந்த வம்சத்துக்குப் புது இரத்தம் வேண்டும் என்பது சரியான கவலை. அதற்கு மருந்து வேற்றூரிலிருந்து வரும் அதே சிற்றினம்தான். வேறு சிற்றினம் அல்ல.

ஆகவே, கலப்பு ஆய்வுக்கூடத்துக்கு ஏற்ற கேள்வி. சந்தைக்கு ஏற்ற சரக்கு அல்ல. செய்தே தீருவேன் என்பவர்கள், கடைசித் தோலுரிப்புக்கு முன்பே தனியே பிரித்த பெண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். இணைசேராத இன்னொரு பெண்ணை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிறந்த குஞ்சு ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள், வெளியிலும் விடாதீர்கள்.