சிலந்தி ப்ரூச்சும் 28 வருஷக் காத்திருப்பும்

பிரெண்டா ஹேல் என்றதும் பலருக்கு ஒரே ஒரு காட்சிதான் ஞாபகம் வரும். 2019 செப்டம்பர் 24. பிரிட்டன் நாடாளுமன்றத்தை போரிஸ் ஜான்சன் அரசு முடக்கி வைத்தது செல்லாது என்று பதினொரு நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பை அவர் வாசிக்கிறார். கறுப்பு உடையில் பெரிய சிலந்தி ப்ரூச். 2021-ல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றுக்கு அவரே 'ஸ்பைடர் வுமன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

நானும் சிலந்தியைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுத்தேன். படிச்சு முடிச்சப்போ, தலைப்பு கொஞ்சம் ஏமாற்றுகிறதோ என்று தோன்றியது. அந்தப் பரபரப்பான நாள் இந்த வாழ்க்கையின் கடைசி ஓரம். நடுவில் நிறைந்திருப்பது விவாகரத்து, குழந்தைகள், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை. ஒருவர் குடும்பச் சட்ட நீதிபதியாக எப்படி உருவாகிறார் என்பதுதான் உண்மையான கதை.

அப்போது இங்கிலாந்தில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு வழக்கமான பாதை ஒன்று இருந்தது. பாரிஸ்டராக இருபது வருஷத்துக்கு மேல் வாதாட வேண்டியிருந்தது, அரசியின் வழக்கறிஞர் என்ற பட்டம் பெற வேண்டியிருந்தது, பகுதிநேர நீதிபதியாக உட்கார்ந்து பழக வேண்டியிருந்தது. அப்புறம்தான் மேலிருந்து அழைப்பு வந்தது. விண்ணப்பங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் தனி ஆணையமே 2006-ல்தான் வந்தது.

ஹேல் இந்த வழியில் வரவில்லை. வரலாறு படிக்கிற அளவுக்கு உனக்குச் சாமர்த்தியம் போதாது என்று தலைமையாசிரியை சொன்னதால் சட்டத்துக்கு வந்தவர். கேம்பிரிட்ஜில் முதலிடம். 1966-லிருந்து 18 வருஷம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். பாரிஸ்டராகத் தகுதி பெற்றும், கொஞ்ச காலத்திலேயே வாதாடுவதை விட்டுவிட்டு வகுப்பறையோடு நின்றார். 1984-ல் சட்ட ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினர். எந்தச் சட்டத்தைத் திருத்தலாம் என்று ஆராய்ந்து, அறிக்கையும் மசோதாவும் தயாரிக்கிற இடம் அது. அங்கே பத்து வருஷம் இருந்துவிட்டு, 1994-ல் நேரே உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவுக்கு வந்தார்.

அந்தப் பத்து வருஷம்தான் புத்தகத்தின் கனமான பகுதி. பிரிந்த பெற்றோரில் குழந்தை 'யாருக்குச் சொந்தம்' என்று கேட்காமல், குழந்தை எங்கே வசிக்கும், மற்றவரை எப்படிச் சந்திக்கும் என்று கேட்க வைத்தது 1989-ன் குழந்தைகள் சட்டம். அதன் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. 1995-ல் வீட்டு வன்முறை மசோதா வந்தபோது ஒரு பகுதிப் பத்திரிகைகள் அவரைத் திருமணத்தின் எதிரி மாதிரியே சித்திரித்தன. அரசு பின்வாங்கியது. அடுத்த வருஷமே அந்த விதிகளில் பெரும்பகுதி வேறு சட்டத்துக்குள் வந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. ஏன் குடும்பப் பிரிவு? இங்கிலாந்தின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி எலிசபெத் லேன் 1965-ல் நியமிக்கப்பட்டபோது அனுப்பப்பட்டது உயில், விவாகரத்து, கப்பல் வழக்குகளைப் பார்த்த பிரிவுக்கு. அதன் மிச்சம்தான் 1971-ல் குடும்பப் பிரிவு ஆனது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் குடும்பப் பிரிவிலிருந்து போனவர். இரண்டாவதாகப் போன ஹேலும் அப்படியே. பெண்களுக்கென்று திறந்துவிட்ட ஒரு பக்கவாசல், பின்னால் மேலே போகிற படிக்கட்டாகவும் ஆகிவிட்டது. நீதித்துறையில் பெண்கள் வேண்டும் என்று நிறையப் பேசுகிற இந்தப் புத்தகம், இந்த வாசலைப் பற்றி இன்னும் கொஞ்சம் கோபத்தோடு பேசியிருக்கலாம். ஒவ்வொரு படியிலும் 'என்னால் முடியுமா' என்ற சந்தேகம், பிறகு முடிந்தது என்ற நிம்மதி. தன்னடக்கம் அழகுதான். ஆனா அது அமைப்பின் குறையை ஒருத்தருடைய தயக்கமாச் சுருக்கிடுது.

அவருடைய தீர்ப்புகளில் இந்தக் கூச்சம் கிடையாது. 2010-ல் திருமணத்துக்கு முந்தைய சொத்து ஒப்பந்தம் பற்றிய ராட்மேக்கர் வழக்கில், ஒன்பது பேரில் அவர் மட்டும் மாறுபட்டார். இந்த விஷயத்தில் ஆண்-பெண் என்ற பரிமாணம் இருக்கு, எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இருக்கிற அமர்வு இதை முடிவு செய்யலாமா என்ற ஐயத்தைத் தீர்ப்பிலேயே எழுதிவைத்தார்.

ஆனால் இந்த வாழ்க்கையின் உச்சக்காட்சி என்று நான் நினைப்பது 2018-ன் ஓவன்ஸ் வழக்கு. 1978-ல் மணமான ஒரு பெண், கணவரிடமிருந்து விவாகரத்து கேட்கிறார். கணவர் மறுக்கிறார். சட்டப்படி அவருடைய நடத்தை சகிக்க முடியாதது என்று காட்டியாக வேண்டும். 27 சம்பவங்களைச் சொல்லியும் கீழ் நீதிமன்றம் போதாது என்றது. உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. கணவர் சம்மதிக்காததால், பிரிந்து ஐந்து வருஷம் ஆகும்வரை, அதாவது 2020 வரை, அவர் மனைவியாகவே காத்திருக்க வேண்டும்.

அந்த அமர்வில் ஹேல் இருந்தார், நீதிமன்றத் தலைவராக. குற்றம் சாட்டாமலே விவாகரத்து பெறலாம் என்று 1990-ல் பரிந்துரைத்த சட்ட ஆணையத்தில் இருந்தவரும் அவர்தான். 1996-ல் நாடாளுமன்றம் அதைப் பல மாற்றங்களோடு சட்டமாக்கியது. ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கே வராமல், 2014-ல் நீக்கப்பட்டது. ஆக, தான் 28 வருஷத்துக்கு முன்னால் மாற்றச் சொன்ன சட்டத்தை வைத்தே ஒரு பெண்ணுக்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டிய நிலை. சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை, எங்களுடையது அல்ல என்று தயக்கத்தோடு எழுதினார். அந்த வழக்கு கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு 2020-ல் புதுச் சட்டம் வந்தது. 2022 ஏப்ரலில் அமலுக்கும் வந்தது. அதற்குள் ஹேல் ஓய்வு பெற்றுவிட்டார்.

என் குறை இதுதான். வாழ்க்கை வரலாறு முழுக்க ஊக்கமூட்டும் தொனி. 'முதல் பெண்' என்ற பட்டங்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் ஒரு நீதிபதியின் வாழ்க்கையை அவர் ஏறிய படிகளை வைத்து மட்டும் அளக்க முடியாது. எழுதத் தெரிந்தும் எழுத அனுமதி இல்லாத நாட்களையும் சேர்க்கணும். அந்தப் பக்கங்களை இன்னும் நிதானமாக எழுதியிருந்தால் இது பெரிய புத்தகம் ஆகியிருக்கும்.

இன்னொன்று. இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்ப வழக்குகளை உயர் நீதிமன்ற நீதிபதிகள் பார்ப்பதில்லை. மாவட்ட நீதிபதிகளும், சம்பளமில்லாத மாஜிஸ்திரேட்டுகளும் பார்க்கிறார்கள். இது அவர்களுடைய கதை அல்ல. அந்தக் கதையை யாராவது எழுதணும்.

படிக்கலாமா? கட்டாயம் படிக்கலாம். சட்ட ஆணைய அத்தியாயத்தை முதலில் படியுங்கள், பிறகு ஓவன்ஸ் தீர்ப்பில் ஹேல் எழுதிய சில பத்திகளை. ப்ரூச்சைக் கடைசியாப் பார்த்துக்கலாம்.