நீலக் கம்பியை நம்பலாமா?

வயரிங்கில் சிவப்பு, கறுப்பு போய் கபிலமும் நீலமும் வந்ததை முன்னேற்றம் என்று கொண்டாடுகிறவர்கள் கடைசியில் ஒரே வாதத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "சிங்கிள் பேஸ் வீட்டில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது? சிவப்பு இருந்த இடத்தில் கபிலம், கறுப்பு இருந்த இடத்தில் நீலம். அவ்வளவுதான்." பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வந்த தம்பிமாரும் இதைச் சொல்கிறார்கள், கடையில் வயர் வெட்டித் தருகிறவர்களும் சொல்கிறார்கள். அந்த 'அவ்வளவுதான்' மீதுதான் எனக்கு நெடுநாளாக ஆட்சேபம்.

ஏற்க வேண்டியதை முதலில் ஏற்றுவிடலாம். நாட்டுக்கு நாடு வேறாக இருந்த நிறங்களை ஒன்றாக்க வேண்டித்தான் இருந்தது. 1960களின் நடுப்பகுதி வரை ஜெர்மனியில் ஏர்த் கம்பி சிவப்பு. பிரித்தானியாவில், ஆகவே நம்மிடமும், சிவப்பு என்றால் லைவ். ஜெர்மனியில் செய்த இஸ்திரிப்பெட்டியை இங்கே நிறம் பார்த்து பிளக்கில் பூட்டினால் பெட்டியின் உடம்பிலேயே கரண்ட் ஏறும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் ஆண்களில் பலருக்கு உண்டு; பச்சையில் மஞ்சள் வரி போட்டது அவர்களுக்கு நல்லது. ஏர்த்தின் பச்சை மஞ்சளை நான் குறைசொல்ல மாட்டேன். இந்த முறையில் ஐயமின்றிப் பேசும் நிறம் அது ஒன்றுதான்.

மற்ற இரண்டைப் பார்ப்போம். நாமும் பின்பற்றும் பிரித்தானிய விதிநூல் பி.எஸ். 7671, சுவருக்குள் போகும் கம்பிகளுக்குப் புதிய நிறங்களை 2004இல் அனுமதித்து, 2006 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. பழைய த்ரீ பேஸில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலும் கரண்ட், கறுப்பு நியூட்ரல். புதியதில் கபிலம், கறுப்பு, சாம்பல் மூன்றிலும் கரண்ட், நீலம் நியூட்ரல். நேற்று ஆளைக் கொல்லக்கூடியதாக இருந்த நீலம் இன்று சாது. நேற்றைய சாதுவான கறுப்பில் இன்று 230 வோல்ட். இதன் ஆபத்து விதியை எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. இரண்டு காலத்துக் கம்பியும் கலந்திருக்கும் கட்டடத்தில் பிரதான பலகையருகே எச்சரிக்கை அறிவித்தல் ஒட்ட வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். நிறங்களை நம்பலாம் என்றால் அந்தத் துண்டு எதற்கு?

"அது த்ரீ பேஸின் பிரச்சினை, வீட்டுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். கொழும்பில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சிங்கிள் பேஸ் தனியாக நிற்பதில்லை; அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. தொழிற்சாலை என்றால் த்ரீ பேஸ். அதன் பழைய பலகையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கோ குவாட்டஸுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஒரு பேஸை மட்டும் பிரித்து இழுக்கும்போது, அந்தப் பேஸின் நிறக் கம்பியே தொடர்ந்து போவதுண்டு. மூன்றாவது பேஸ் என்றால் போவது நீலம். மடுவத்தில் விளக்கு எரியவில்லை என்று ஏணி வைத்து ஏறும் தம்பி, நீலம் நியூட்ரல் என்று படித்துப் புள்ளி வாங்கியவன். 'உலகமெல்லாம் ஒரே நிறம்' என்று மார்தட்டுகிறவர்கள் பாக்கு நீரிணையைத் தாண்டிப் போய்ப் பார்க்கட்டும். மூன்று பேஸையும் ஆர், ஒய், பி என்றே கூப்பிடுகிறார்கள்; அந்த பி நீலம்தான். அமெரிக்காவிலோ கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல்.

லயத்துக்கு வருவோம். அங்கே வயரிங் ஒரே தடவையில் நடந்ததல்ல. இஸ்தோப்பை மறித்து அறையாக்கியபோது கொஞ்சம், பின்னால் அடுப்படியை நீட்டியபோது கொஞ்சம், பிள்ளை சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும்போது மேசை விளக்குக்காகக் கொஞ்சம். பழையதை யாரும் உருவி எறிவதில்லை, அதற்குக் காசும் இல்லை. விளக்குக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்று கேட்டு வாங்குகிறவர்கள்கூட அளவைத்தான் கேட்கிறார்கள். நிறம், சுருளில் மிஞ்சிக் கிடப்பதைப் பொறுத்தது. ஆகவே ஒரு ஜொயின்டில் கறுப்பும் நீலமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். பழைய கணக்கில் கறுப்பு நியூட்ரல். புதிய கணக்கில் அது ஒரு பேஸ். இன்னொரு சாத்தியமும் உண்டு: சுவிட்சிலிருந்து பல்புக்குத் திரும்பும் கம்பிக்குக் கறுப்பைப் போட்டிருந்தால், சுவிட்சைப் போட்டதும் அது லைவ். இத்தனைக்கும் மேலே விறகடுப்புப் புகை. சில வருடம் போனால் கபிலம், நீலம், கறுப்பு எல்லாமே கரி. அந்த அடுப்படியில் டோர்ச் பிடித்துக்கொண்டு நிறம் பார்ப்பவரின் தைரியத்தைத்தான் பாராட்ட வேண்டும்.

லைவும் நியூட்ரலும் மாறிவிட்டன என்பது வெளியே தெரிவதே இல்லை. பல்பு எரியும், சுவிட்சை நிறுத்தினால் அணையும். ஆனால் சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலை. ஹோல்டர் அப்போதும் உயிரோடு இருக்கும். பல்பு மாற்ற ஈரக் கையை நீட்டுகிறவருக்குத்தான் விஷயம் தெரியவரும். ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்பார்கள். போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்றுதான் அது பார்க்கிறது. கம்பிகள் இடம் மாறியிருப்பது அதற்குத் தெரியாது. ஆளின் உடம்பு வழியே தரைக்கு ஓடிய பிறகுதான் விழும், அதுவும் பொருத்தியிருந்தால். லயம் தீப்பற்றினால் 'மின்ஒழுக்கு' என்ற ஒற்றைச் சொல்லோடு செய்தி முடிந்துவிடுகிறது. எந்த ஜொயின்டில், எந்தக் கம்பியோடு எதை முறுக்கியிருந்தார்கள் என்று எழுதுவாரில்லை.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுர முனை பிளக்கைத் தேசியத் தரமாக்கியதை இதோடு வைத்துப் பார்க்கலாம். அதிலும் எனக்குக் குறை உண்டு, செலவு முழுவதும் பாவனையாளர் தலையில். ஆனாலும் சதுர முனை வட்டத் துளைக்குள் போகாது. தவறு செய்ய முயன்றாலும் வடிவம் விடாது. நிறம் யாரையும் தடுப்பதில்லை. கம்பியைப் போட்டவர் ஒரு நாள் என்ன நினைத்தார் என்பதை மட்டும் சொல்கிறது. அவர் போய்விட்டார், அவருக்குப் பின் மூன்று பேர் வெட்டி ஒட்டிவிட்டார்கள்.

"நல்ல வயரிங்காரர் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொடமாட்டார்" என்பது கடைசிப் பதில். அப்படியென்றால் அவருக்கு நிறம் தேவையில்லை. நிறத்தை நம்பித் தொடுகிறவர் டெஸ்டர் இல்லாதவர். அவரைத்தான் இந்த மாற்றம் ஏமாற்றுகிறது. பயிற்சி நிலையங்கள் புத்தம்புதுக் கம்பிச் சுருளைக் கொடுத்துப் பலகையில் பூட்டச் சொல்லி, நிறம் சரியென்றால் புள்ளி போடுவதை நிறுத்தட்டும். பழைய லயம் ஒன்றில் கழற்றிய ஜொயின்ட் பெட்டியை, கரியோடு, மேசையில் வைக்கட்டும். எது லைவ் என்று கேட்கட்டும். டெஸ்டரையோ மீட்டரையோ தேடாமல் பதில் சொல்கிறவருக்குப் பூச்சியம்.