ஜின் இல்லாத கிஸ்ஸா

கற்பனைக் கதை என்றாலே முகம் சுளிக்கும் ஆலிம்கள் நம்மிடையே உண்டு. அது பொய்யின் உடன்பிறப்பு என்பர். அவர்களே மாணவப் பருவத்தில் ஹரீரியின் ‘மகாமாத்’தை ஓதியவர்கள்தாம்! அபூ ஸைத் என்னும் அந்த நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரன் ஆசிரியரின் புனைவே. அத்தகைய புனைவு குற்றமாகாது என்று ஹரீரி தம் முன்னுரையிலேயே வாதாடியுள்ளார்.

தமிழில் இவ்வினாவைச் செயலால் எதிர்கொண்டவர் அறிஞர் சித்திலெப்பை. கண்டியில் வழக்கறிஞர், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவர், முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக ஓயாது உழைத்தவர். சாவகாசமாக அமர்ந்து கனவு காணும் வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. எகிப்தில் பிறந்து, களவாடப்பட்டு, பம்பாயில் வளரும் பிள்ளையின் கதை அது. எகிப்து அவருக்கு வெறும் ஏட்டுப் பெயரன்று. ஆங்கிலேயர் நாடு கடத்திய ஒராபி பாஷா 1883இல் இலங்கை வந்தபின் அவருடன் நெருங்கிப் பழகியவர் சித்திலெப்பை.

காணாமற்போன பெருங்குடிப் பிள்ளை பழங்கதைகளின் சரக்குதான். ‘சைத்தூன் கிஸ்ஸா’வைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு வியப்பின்றிக் கதை இல்லை. சித்திலெப்பை அவ்வியப்பைக் கைவிடவில்லை. ஜின் செய்ய வேண்டிய வேலையைக் கள்வனுக்கும் கப்பலுக்கும் கொடுத்துவிட்டார். தற்செயல்கள் மிகுதி என்பது மெய்யே. பத்திரிகைக்கும் வழக்குக்கும் இடையே எழுதிய கை வேறென்ன செய்யும்? ஆயினும் நம் அரபுக் கல்லூரி நூலகங்களில் ஹரீரிக்கு இருக்கும் இடத்தில் பாதியேனும் இந்நூலுக்கு ஏன் இல்லை என்பதே என் ஆதங்கம்.