மூன்று கொட்டேஷன், மூன்று வேறு வேலை

சென்னையில் முப்பது ஆண்டுகளைக் கடந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரிய பழுதுவேலை தொடங்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மொட்டைமாடி ஒழுகுகிறது, சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, பெயிண்ட் அடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்று ஆண்டுப் பொதுக்குழுவில் பேச்சு வரும். செயலாளர் மூன்று காண்ட்ராக்டர்களை வரவழைப்பார். அவர்கள் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, சில நாளில் ஆளுக்கொரு தாளில் தொகை எழுதிக் கொடுப்பார்கள். குறைந்த தொகைக்காரரை மறுபடி கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி, பெரிய அட்வான்ஸ் கொடுத்து வேலையை ஒப்படைப்பார்கள். அண்ணா நகரிலும் அடையாறிலும் மேற்கு மாம்பலத்திலும் இதுவே வழக்கம். இந்த வழக்கத்தில் நியாயமும் இருக்கிறது. அது ஏன் இவ்வளவு உறுதியாக நிலைத்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

சங்க நிர்வாகிகள் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவர்கள். வேலை முடிந்த பிறகும் அதே மாடிப்படியில் அதே அண்டைவீட்டாரைத் தினமும் பார்த்தாக வேண்டியவர்கள். பொதுப்பணத்தில் லட்சக்கணக்கில் செலவு செய்யும்போது, வேண்டப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டார் என்ற ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அடுத்த வருஷம் பொறுப்பேற்க ஆளே வரமாட்டார்கள். மூன்று கொட்டேஷன் அந்தச் சந்தேகத்துக்குப் பதில். எவர் கேட்டாலும் காட்டலாம், கோப்பில் வைக்கலாம். சந்தையில் சதுர அடிக்கு என்ன விலை போகிறது என்ற தெளிவும் கிடைக்கிறது. ஒரே காண்ட்ராக்டரிடம் சிக்கிக்கொண்டு அவர் சொன்ன தொகையைக் கட்டிய குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இந்த நன்மைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. போட்டி விலையில் வேலை கொடுக்கும் முறையைச் சங்கங்கள் அரசு அலுவலகங்களிடமிருந்து கற்றுக்கொண்டன. ஆனால் பாதியைத்தான் கற்றுக்கொண்டன. தமிழ்நாட்டில் அரசு வேலைகளுக்கு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் உண்டு. பொதுப்பணித்துறையில் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். எந்த வேலை, எத்தனை சதுர மீட்டர், என்ன பொருள், என்ன கலவை என்று ஒவ்வொரு இனமும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் அதே பட்டியலுக்குத்தான் விலை போடுகிறார்கள். குடியிருப்புச் சங்கங்களிடம் அந்தப் பட்டியல் இல்லை. என்ன வேலை செய்ய வேண்டும் என்பதையும் காண்ட்ராக்டரையே முடிவுசெய்யச் சொல்கிறோம். அதற்கு அவரையே விலையும் போடச் சொல்கிறோம்.

மொட்டைமாடியை எடுத்துக்கொள்வோம். சென்னையின் பழைய அடுக்குமாடிகளில் மேல்தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகுகிறது என்று மூவரை அழைத்தால், ஒருவர் இருக்கும் ஓட்டின் மேலேயே வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடிக்கக் கணக்குப் போடுவார். இன்னொருவர் ஓட்டின் இடுக்குகளைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்க நினைப்பார். மூன்றாமவர் பழைய ஓட்டையும் ஜல்லியையும் தளம் வரை பெயர்த்தெடுத்து, விரிசலை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு போட்டு, வாட்டம் சரிசெய்து, மறுபடி ஜல்லி போட்டு ஓடு பதிக்கும் செலவைச் சொல்வார். மூவருடைய தாளிலும் இருப்பது ‘டெரஸ் வாட்டர்ப்ரூஃபிங்’ என்ற ஒரே வரி, எதிரே ஒரு மொத்தத் தொகை. முதலாமவர் மலிவானவரும் இல்லை, மூன்றாமவர் பேராசைக்காரரும் இல்லை. வேறுவேறு வேலைக்கு வேறுவேறு விலை சொல்லியிருக்கிறார்கள். இதில் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தச் சிகிச்சை போதும் என்ற தொழில்நுட்பக் கேள்விக்கு, கேள்வியே எழாமல், பதில் சொல்லிவிடுகிறோம்.

நேர்மையாக யோசித்து முழு வேலைக்கு விலை போட்டவர் ஒவ்வொரு முறையும் தோற்கிறார் என்பதுதான் இந்த வழக்கத்தின் மிகப் பெரிய தீங்கு. நாலு இடத்தில் தோற்றால் ஐந்தாவது இடத்தில் அவரும் வெள்ளைப் பூச்சுக்கே கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறார்.

பெயிண்ட் விஷயத்தில் இதன் விளைவு கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும், அவ்வளவே. ப்ரைமர் இல்லாமல் அடிப்பதும், இரண்டு கோட்டுக்குப் பதில் தண்ணீர் கூட்டிய ஒரு கோட்டோடு முடிப்பதும் இரண்டு மழையில் வெளிப்பட்டுவிடும். கான்கிரீட் அப்படி அல்ல. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை 12 பி.எச்.சுக்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊறிக் காரத்தைக் குறைக்கிறது. கடலோர உப்புக்காற்றும், கட்டும்போது கலந்த உப்பு போர்வெல் தண்ணீரும் குளோரைடைக் கொண்டுவருகின்றன. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. சென்னையின் எத்தனை கட்டடங்கள் அதைச் சோதித்த பிறகு எழுந்திருக்கும் என்பதை வாசகர்களே அறிவார்கள். துரு, இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் காரை வெடித்து விழுகிறது.

இதைச் சரிசெய்யக் கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவை முழுக்க நீக்கி, கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பசை தடவி, பாலிமர் கலந்த காரையால் நிரப்ப வேண்டும். குறைந்த தொகைக்கு எடுத்தவர் செய்வது என்ன? தொங்கும் காரையைத் தட்டிவிட்டு, கம்பியின் மேலேயே சிமெண்ட் கலவையை அப்பி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார். அன்றைக்குப் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே துரு தொடர்ந்து வளரும். அது வளர்வது தெரியாதபடி மூடியும் விட்டோம்.

உள்ளே மறைந்திருக்கும் சேதம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் உதாரணம். குருகிராமின் சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பில், 2022 பிப்ரவரி 10ஆம் தேதி, ஒரு வீட்டில் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது டி டவரின் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இருவர் இறந்தார்கள். பின்னர் ஆய்வு செய்த டெல்லி ஐ.ஐ.டி., அந்தக் கான்கிரீட்டில் இருந்த குளோரைடைச் சுட்டிக்காட்டி, கட்டடம் வாழத் தகுதியற்றது என்றது.

ஆகவே காண்ட்ராக்டருக்கு முன்னால் வர வேண்டியவர், வேலையில் லாபம் எதுவும் இல்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். தூண்களிலும் பீம்களிலும் சுத்தியல் சோதனை செய்வார், ஒலியலை செலுத்திப் பார்ப்பார், கொத்திய இடத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளிப்பார். காரம் இருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாகும், காரம் இழந்தது நிறம் மாறாது. அரும்பெரும் கருவிகள் அல்ல இவை. சோதித்த பிறகு அவர் வேலைப் பட்டியலையும் அளவுகளையும் எழுதித் தந்தால், அதன் நகலை மூன்று பேருக்கும் கொடுத்து விலை கேட்கலாம். அப்போதுதான் மூன்று கொட்டேஷன் என்பது உண்மையான ஒப்பீடு ஆகிறது. குறைந்த விலை என்பதற்கும் பொருள் வருகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது இன்ஜினியரின் கட்டணம். எட்டு வீடு, பன்னிரண்டு வீடு உள்ள சிறிய குடியிருப்புகளில் இது உண்மையான பாரம்தான். ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் ஒரு வீட்டுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. ஆனால் பத்து வருஷம் நிற்க வேண்டிய வேலை மூன்று வருஷத்தில் பெயர்ந்தால் அதே ஓய்வூதியத்தில்தான் மறுபடி கை வைக்க வேண்டியிருக்கும். இந்தச் செலவு வெறும் பெயிண்ட் வேலைக்குத் தேவையில்லை. கம்பி வெளியே தெரியும் கட்டடத்துக்குத் தேவை.

(இடையில் ஒன்று. ஒப்படைத்து ஐந்தாண்டு ஆகாத கட்டடம் என்றால் காண்ட்ராக்டரைத் தேடவே வேண்டாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, கட்டுமானக் குறைகளை 30 நாளுக்குள் செலவின்றிச் சரிசெய்து தருவது பில்டரின் கடமை.)

நாம் அதிகம் பேசாத இன்னொரு சிக்கல் கழிவறை. வெளிச்சுவரில் ஈரம் படர்வதற்குப் பல நேரம் மழை காரணமல்ல, மேல்வீட்டுக் கழிவறையின் தாழ்தளத்தில் கசியும் குழாய்தான் காரணம். சங்கத்தின் ஒப்பந்தமோ வெளிச்சுவரோடு நின்றுவிடும். உள்ளே போய்ப் பார்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், டைல்ஸ் உடைக்கும் செலவை அவர் ஏற்க வேண்டும். அந்த மனத்தாங்கலுக்குப் பயந்து, கசிவை அப்படியே விட்டு வெளியே விலையுயர்ந்த பெயிண்டை அடிக்கிறோம். பெயிண்ட் கம்பெனி கொடுக்கும் ஏழு வருஷ, பத்து வருஷ உத்தரவாதங்களின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள், உள்ளிருந்து வரும் ஈரத்துக்கு அவை பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை. சாரம் கட்டுவதற்கு முன்பே எல்லா வீட்டுக் கழிவறைகளையும் பார்த்துக் கசிவை அடைக்கச் சொல்லும் தீர்மானம், எந்தக் காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிடப் பெரிய முடிவு.

கொட்டேஷன் கொடுக்கும் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் என்று இந்த வழக்கம் நம்புகிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங் சாட்சி. 30 ஆண்டு கடந்த கட்டடங்களைச் சோதித்துப் பழுதுபார்ப்பதை அங்கே 2012லேயே கட்டாயமாக்கினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் ஆலோசகரும் காண்ட்ராக்டரும் போட்டியாளர்களும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒப்பந்தப்புள்ளி போடும் தந்திரம் வளர்ந்தது. ஷாட்டின் பகுதியின் கார்டன் விஸ்டா குடியிருப்பில் 26 கோடி ஹாங்காங் டாலர் ஒப்பந்தம் தொடர்பான லஞ்ச வழக்கில் 2016ல் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. 2025 நவம்பர் 26ஆம் தேதி, டைபோ பகுதியின் வாங் ஃபுக் கோர்ட்டில் எட்டில் ஏழு கட்டடங்கள் எரிந்து 150க்கும் மேற்பட்டவர்கள் மாண்டது, 33 கோடி டாலர் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான். சாரத்தைச் சுற்றிய வலையும் ஜன்னல்களை மூடிய ஃபோம் பலகைகளும் தீயைப் பரப்பின என்று அதிகாரிகள் சொன்னார்கள். நான் பரிந்துரைக்கும் இன்ஜினியர் முறைக்கும் இது எச்சரிக்கைதான். ஆலோசகரைக் காண்ட்ராக்டரே அழைத்துவந்தால், அல்லது ஆலோசகர் ஒரே காண்ட்ராக்டரைச் சிபாரிசு செய்தால், பட்டியலால் பயனில்லை. காண்ட்ராக்டர்களைச் சங்கமே தேட வேண்டும். அவர்கள் மூன்று வருஷத்துக்கு முன்பு முடித்த கட்டடத்தை நேரில் போய்ப் பார்த்து, அங்கே குடியிருப்பவர்களிடம் பேச வேண்டும். போன மாதம் முடித்த வேலையைப் பார்ப்பதில் பயன் குறைவு.

பணம் கொடுக்கும் முறையில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மொத்தத் தொகை ஒப்பந்தம் பழுதுவேலைக்குப் பொருந்தாது. கொத்திப் பார்க்கும்வரை சேதம் எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டவர் குறைவாகக் கொத்துவதில்தான் லாபம் பார்க்க முடியும். அளந்து பணம் கொடுக்கும் முறையில் எதிர் ஆபத்து: தேவையில்லாத இடத்தையும் கொத்திக் கணக்கை ஏற்றலாம். அதற்கு உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் சங்கத்தின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். இன்ஜினியரோ குழு உறுப்பினரோ உடனிருந்து அளந்து கையெழுத்திட வேண்டும். கம்பியைச் சுத்தம் செய்த நிலையில் படம் எடுத்துவைத்த பிறகே மூட அனுமதிக்க வேண்டும். அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசி ஐந்து சதவீதத்தையாவது ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பிடித்துவைக்க வேண்டும். ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் வேலையை முடித்தால் டிசம்பரில் உண்மை தெரிந்துவிடும். ஆகஸ்டில் அவசரமாகத் தொடங்கி, நனைந்த சுவரில் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

விலை குறையக் குறைய முதலில் வெட்டப்படுவது பாதுகாப்பு. நான்காம் மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கும் இளைஞர், பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர், இடுப்பில் பெல்ட்டும் தலையில் ஹெல்மெட்டும் இல்லாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நாம் அலுவலகம் போகிறோம். சாரம், பெல்ட், வலை, தொழிலாளர் காப்பீடு ஆகியவற்றை விலைப்பட்டியலில் தனித்தனி இனங்களாக எழுதிவிட்டால், அவற்றை வெட்டி எவரும் வெல்ல முடியாது. காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் கைக்கு வராமல் ஒருவரைக்கூடச் சாரத்தில் ஏறவிடக் கூடாது.

‘எப்படியும் இடித்துக் கட்டப்போகிறோம், இப்போதைக்கு ஒப்பேற்றினால் போதும்’ என்ற வாதமும் அடிக்கடி கேட்கிறது. 2024ல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதத்தோடு மறுகட்டுமானத்துக்கு வழி செய்திருப்பதால் இந்த எண்ணம் வலுத்திருக்கிறது. சம்மதம் சேர்ந்து, பில்டர் கிடைத்து, வீடு காலி செய்யும் நாள் வருவதற்குள் பல மழைக்காலங்கள் போய்விடும். அதுவரை அந்த சன்ஷேடுக்குக் கீழேதான் பிள்ளைகள் விளையாடப்போகிறார்கள்.

உங்கள் குடியிருப்பின் அடுத்த பொதுக்குழுவில் மூன்று கொட்டேஷன்கள் மேசைக்கு வந்தால், எது குறைவு என்று பார்ப்பதற்கு முன்பு இரண்டே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த மூன்றும் ஒரே வேலைக்குத்தானா, அந்த வேலையை எழுதிக் கொடுத்தது யார்? பதில் இல்லையென்றால் மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடத் தீர்மானம் போடுங்கள்.