ராஜ வீதியின் எருசலேம்

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த கண்ணுக்குக் கிறிஸ்தவக் கோயில் என்றால் உயரம்தான். அனுமந்தன்பட்டியானாலும் இராயப்பன்பட்டியானாலும் தோப்புகளைத் தாண்டி முதலில் தெரிவது கோபுரம். அந்தக் கண்ணோடு தரங்கம்பாடி ராஜ வீதிக்குப் போகிறவர்கள், புதிய எருசலேம் ஆலயத்தைச் சரியாகப் பார்க்காமலே கடற்கரைக்கு நடந்துவிடக்கூடும். இங்கே ஊசிக் கோபுரம் கிடையாது. வெள்ளைச் சுவர், இருபுறமும் சுருண்டு இறங்கும் வளைவுகளோடு ஒரு முகப்பு, அதில் மகுடம், டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் பெயரெழுத்து முத்திரை. அவ்வளவுதான் அலங்காரம்.

அழகெல்லாம் உள்ளே இருக்கிறது. தரைத்திட்டம் சிலுவை வடிவம். நான்கு கைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நீண்ட மண்டபமாகக் கட்டினால் கடைசி வரிசைக்குப் போதகரின் குரல் தேய்ந்துதான் போய்ச் சேரும். இங்கே யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நடுச் சந்திப்பு பக்கத்தில்தான். லுத்தரன் சபையில் பிரசங்கமே ஆராதனையின் உயிர். அதைக் காதால் கேட்பதற்கென்றே எழுப்பிய கட்டடம் இது. அப்படிக் கேட்கப்பட்ட மொழி தமிழ் என்பதுதான் எனக்கு இதன் மேல் தீராத பிரியம் உண்டாகக் காரணம்.

1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, அப்போது டேனியர் வசமிருந்த இந்த ஊரில் வந்து இறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ இருபத்து நான்கு வயது. தமிழ் கற்றார், டேனிஷ் தளபதியோடு மோதி டேன்ஸ்போர்க் கோட்டையில் சிறையிருந்தார், அச்சகம் வந்த பிறகு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் போதாமல் போகவே, 1717இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை. நான்கரை மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று அவர் இறந்துபோனார். அவரும் அடுத்த ஆண்டில் மறைந்த உடன் ஊழியர் குருண்ட்லரும் இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்கள்.

பழைய கோயில்களை இடம்பெயர்த்துக் காப்பாற்றுவதும் உண்டு. ஸ்டாக்ஹோமில் 1891இல் தொடங்கிய ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில், செக்லோரா என்ற ஊரின் பதினெட்டாம் நூற்றாண்டு லுத்தரன் மரக்கோயிலைப் பிரித்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிகள் கட்டிய சிற்றாலயங்கள் பலவும் இப்படி ‘முன்னோடிக் கிராமங்களுக்கு’ இடம்பெயர்ந்தவைதான். நம்மூர் முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் பழைய வீடுகள் இவ்விதமே பிழைத்தன. அழிவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பெயர்த்து நட்ட கோயிலுக்குச் சொந்தத் தெரு இல்லை, தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் சபையும் இல்லை.

தரங்கம்பாடியில் எதையும் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. 1792இல் கட்டிய நகர வாயிலில் நுழைந்தால், 1701ஆம் ஆண்டு சீயோன் ஆலயம், டேனிஷ் ஆளுநர் மாளிகை, 1620இல் எழுந்த கோட்டை, கரையோரமாகக் கடலோடு போராடும் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் என எல்லாம் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. சீகன்பால்கு வாழ்ந்த வீடும் இப்போது அருங்காட்சியகம். 1845இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள், சபை போகவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இங்கே தமிழ் ஞானப்பாட்டுதான். அந்த நேரத்தில் போனால்தான் சிலுவை வடிவத்தின் அருமை காதுக்குப் புரியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் செங்கல் சுவர் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, உப்பு பூக்கவைத்து, செங்கல்லையே அரித்துவிடும். முந்நூறு வருஷத்துச் சுவரில் இனி எந்த மராமத்து நடந்தாலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்துத்தான் செய்ய வேண்டும், அதற்கு எத்தனை மாதம் காத்திருக்க நேர்ந்தாலும் சரி.