ரதியின் குரலுக்கே முதலிடம்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டு காமன் கம்பம் ஊன்றிவிட்டால் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கூத்துக் காலம் பிறந்துவிடும். கரும்பு வில்லேந்திச் சிவனின் தவத்தைக் கலைக்கப் போகும் மன்மதன், நெற்றிக்கண்ணால் அவனை எரிக்கும் சிவன், தக்கனை அழிக்கும் வீரபத்திரன் என்று காமன் கூத்தில் வருபவர்களின் ஆற்றல் இன்றைய தொலைக்காட்சித் தொடர்களின் அதிநாயகர்களுக்குக் குறைந்ததல்ல. ஆனாலும் அந்தக் கூத்தின் ஆகச் சிறந்த இசை இவர்களில் எவருக்கும் வாய்ப்பதில்லை. கணவனைப் பறிகொடுத்து நிற்கும் ரதிக்கே வாய்க்கிறது. ஆற்றலைக் காட்டத் தாளம் போதும், அந்த ஆற்றலால் நேர்ந்த இழப்பைச் சொல்லத்தான் பாட்டு வேண்டும் என்று மலையகக் கூத்து மரபு முடிவெடுத்திருக்கிறது. நாயகர் கதைக்கு இசை தேர்பவர்கள் எவரும் கற்க வேண்டிய முடிவு அது.

தாளத்தின் பங்கை முதலில் பார்ப்போம். தோட்டத்தில் தப்புப் பறை எல்லாவற்றுக்கும் ஒலித்த கருவி. விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, அழைத்ததும் அதுதான், கோயில் திருவிழாவில் முழங்கியதும் சாவு வீட்டில் அடித்ததும் அதுதான். கருவி ஒன்றே என்பதால் பொருள் முழுவதும் அடியின் வேறுபாட்டில் இருக்கிறது. அதைப் பிரித்தறியும் காது தோட்ட மக்களுக்கு இயல்பாகவே உண்டு. நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றிய தப்பு வேகம் பிடிக்கும்போதே வீரபத்திரன் வருகிறான் என்று கூட்டம் அறிந்துகொள்கிறது. அவனுக்கு வசனம் வேண்டியதில்லை. ரதியின் முறை வரும்போது நிலைமை மாறுகிறது. வேடம் கட்டியவர் ஆண்தான்; ஆனால் பாட்டில் கேட்பது தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் சாவு வீட்டில் பாடும் ஒப்பாரியின் சாயல். கதைப்படி சிவன் கொடுத்தது தண்டனை, தவத்தைக் கலைத்த பிழை மன்மதனுடையது. பாட்டோ கேட்பவர் அனைவரையும் ரதியின் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. மன்மதன் மீண்டும் உயிர்பெறுவது அந்தப் புலம்பலுக்குக் கிடைக்கும் தீர்ப்பு.

மலையகத்தின் மற்ற இரண்டு பெருங்கூத்துகளிலும் இதே முடிவைக் காணலாம். அருச்சுனன் தபசில் வில்லாளியின் போர் மையமில்லை. பாசுபத ஆயுதம் வேண்டித் தவம் கிடப்பவன் உயர்ந்த கம்பத்தில் பாடியபடியே ஏறுகிறான். ஆயுதம் கிடைத்த பிறகு அவன் செய்யப்போகும் சாதனையைவிட, அது கிடைக்கும் முன்பு அவன் படும் பாட்டுக்கே இசை நேரம் ஒதுக்குகிறது. பொன்னர் சங்கரில் அண்ணன்மாரின் வீரம் விரிவாகச் சொல்லப்பட்டாலும், படுகளத்தில் அவர்கள் சாய்ந்த பின் எழும் தங்கை தங்காளின் அழுகைதான் கதையின் உச்சம். மூன்று கூத்துகளும் ஒரே இடத்தில் அழுத்தம் கொடுப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

உலகத் தொலைக்காட்சியும் இந்த இடத்துக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1966இல் தொடங்கிய ‘பேட்மேன்’ தொடருக்கு நீல் ஹெஃப்டி அமைத்த முகப்பிசை நாயகனின் பெயரையே திரும்பத் திரும்ப முழங்கும். வருபவன் யார் என்று அதிலிருந்து தெரியும். அவனுடைய துயரம் தெரியாது. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி அம்பரெல்லா அகாடமி’யின் முதல் பகுதியில் நிலைமை வேறு. வளர்ப்புத் தந்தை இறந்ததால் வீடு திரும்பிய, அதீத ஆற்றல் கொண்ட உடன்பிறப்புகள், 1987இல் டிஃபனி பாடிப் புகழ்பெற்ற பாப் பாடலுக்கு ஆளுக்கொரு மூலையில் தனித்தனியே ஆடுகிறார்கள். அங்கே எவரும் தம் ஆற்றலைப் பயன்படுத்துவதில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் இழந்துவிட்டார்கள் என்பதை அந்தத் துள்ளல் பாட்டு சொல்லிவிடுகிறது. அந்தத் தொடரில் சண்டைகளுக்கும் நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் பாத்திரங்களின் மேல் பரிவு பிறப்பது இந்த ஆட்டத்தில்தான்.

இளைஞர் காத்திருப்பது வீரபத்திரனுக்குத்தானே, ஒப்பாரிக்கா என்று கேட்கலாம். கூட்டத்தைத் திரட்டும் வலு அந்த வேகத்துக்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் திரண்ட கூட்டத்துக்குக் கதை எதைத் தருகிறது என்பது வேறு கேள்வி. ஆவேசம் மட்டும் மிஞ்சினால் அது ஆட்டம், கூத்தாகாது. ஒப்பாரி தோட்ட மக்களின் பழக்கம், அதைத் தேர்வு என்று உயர்த்துவது மிகை என்பது இன்னொரு மறுப்பு. பழக்கத்தில் தாலாட்டும் இருந்தது, கும்மியும் இருந்தது, தெம்மாங்கும் இருந்தது; அவற்றுள் ஒப்பாரியை உச்சக் காட்சிக்கு வைத்ததுதான் தேர்வு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களாகக் கணக்கிடப்பட்ட சமூகம் இது. தன்னைக் கேளாமல் எடுக்கப்பட்ட முடிவால் எல்லாம் இழந்த ரதியின் குரலை அவர்கள் வேற்றுக் குரலாகக் கேட்டிருக்க முடியாது.

சினிமாப் பாட்டைக் கூத்துக்குள் விடலாமா என்ற வாதத்துக்கும் இதே அளவுகோல் போதும். அம்பரெல்லா அகாடமி காட்டியதுபோல் கடன் வாங்கிய பாட்டும் கதையின் காயத்தைத் தொடலாம்; அப்படித் தொட்டால் வரட்டும். ஒலிபெருக்கியில் நாயகனின் நுழைவை மட்டும் பெரிதாக்கும் பாட்டு, தப்பு ஏற்கெனவே நன்றாகச் செய்யும் வேலையைத் தரம் குறைத்துச் செய்கிறது. இன்று கூத்து இரவு முழுவதும் நீளும் திடலிலிருந்து அரை மணி நேர மேடைக்கும் போட்டிகளுக்கும் வருகிறது. எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். எரிப்பைச் சுருக்குங்கள், வீரபத்திரனின் ஆட்டத்தைக் குறையுங்கள். ரதி பாடி முடிக்கும்வரை மட்டும் நேரம் கொடுங்கள். அவள் பாடாத காமன் கூத்தில் மன்மதன் எதற்காக உயிர்த்தெழ வேண்டும் என்பதற்குக் காரணமே இல்லை.